பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் தண்ணீர்

போன வாரம் திங்கட்கிழமை, காலை ஏழு மணி. எங்கள் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் ஒரு மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் புத்தகப் பையோடு ஒரு பிள்ளை. ஓட்டி வந்த அப்பா, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு கேட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்... வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்!

அடுத்த மோட்டர். அதே பார்வை, அதே கும்பிடு, அதே யூ டர்ன்.

மூன்றாவதாக வந்தது ஒரு பழைய கார். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. உள்ளேயிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

நான் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கையாட்டிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இருந்த பிள்ளை எனக்கு டாட்டா காட்டியது.

மணி அடித்தபோது உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆசிரியர்கள்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் வாராவாரம் மற்றவர்கள் செய்த கூத்தையெல்லாம் இங்கே எழுதுகிறேன். என் கூத்தை மட்டும் மறைத்தால் நியாயமா?

பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே திரும்பி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகிற செம்மண் பாதையில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் பள்ளி. மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆறாம் ஆண்டில் ஐந்தே பேர். சின்னப் பள்ளி என்பதால் ஒரு பிள்ளை தும்மினால் மற்ற முப்பத்தேழுக்கும் கேட்கும்.

இந்த முறை தும்மல் இல்லை. சின்னம்மை.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் ஆரம்பித்தது. அவனிடமிருந்து அவன் அக்காவுக்கு, அக்காவிடமிருந்து அவள் தோழிகளுக்கு... மூன்று வாரத்தில் பதினொரு வீடு. அதுவும் எப்போது? ஆண்டின் கடைசி மாதத்தில்! பரிசளிப்பு, நடனம், விடைபெறும் நிகழ்ச்சி என்று பள்ளிக்கூடமே கல்யாண வீடு மாதிரி இருக்க வேண்டிய நேரம். எட்டுப் பேர் ஆட வேண்டிய நடனத்தை முதல் வாரம் ஆறு பேர் ஆடினார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். அந்த மூவரில் ஒருத்திக்கு அந்தப் பாட்டே பிடிக்காது.

நோய் வந்த பிள்ளைகள் வரவில்லை. சரி. நோய் வராத பிள்ளைகளும் வரவில்லை. பெற்றோருக்குப் பயம். பயப்படாதீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் தோட்டத்தில் சின்னம்மை என்று யாரும் சொல்வதில்லை. "ஆத்தா வந்திருக்கா டீச்சர்" என்று வாட்சாப்பில் ஒரு வரி வரும். அவ்வளவுதான். அப்புறம் அந்த வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகிவிடுவார்கள். தாளிப்பு வாசம் நின்றுவிடும். வீட்டிலிருந்து யாரும் வெளியே போய் இன்னொரு வாசல் ஏற மாட்டார்கள், வெளியிலிருந்து யாரும் அங்கே நுழைய மாட்டார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, நாள் பார்த்து மூன்று முறை ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆத்தா கிளம்பினாள் என்று கணக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்தவள்தானே நான்? தெரியும். ஆனால் பாருங்கள்... எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பதிமூன்று வயதில் விடுதிக்குப் போனவள், சான்றிதழோடுதான் திரும்பி வந்தேன். இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெருமைதான் இந்த முறை என்னைக் குப்புறத் தள்ளியது.

இப்போது லோஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசி நாளன்று கறுப்பு அங்கி மாட்டி மேடையேற்றுவோம். ஆனால் தலையில் தொப்பி வைப்பது எந்தப் பிரமுகரும் இல்லை. அம்மாவோ அப்பாவோ மேடைக்கு வந்து, தங்கள் கையால் வைக்க வேண்டும். குலை வெட்டிய கை, லோரி ஸ்டியரிங் பிடித்த கை, கேண்டீனில் ரொட்டி சுட்ட கை... அந்தக் கைகள் நடுங்குவதைப் பார்க்க வேண்டுமே! மேடைக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் ஆண்டும் நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

லோஷினி அந்த ஐந்து பேரில் ஒருத்தி. அப்பா இல்லாத ஒரே மகள். அம்மா சரசு அக்கா, தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழம் பொறுக்குகிறவர். தான் மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் இந்த நிகழ்ச்சிக்கு வந்து, தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் நின்று கைதட்டிவிட்டுப் போவார்.

"அஞ்சு வருசமா அடுத்தவங்க பிள்ளைக்குக் கை தட்டிட்டேன் டீச்சர். இந்த வருசம் என் மொறை. அன்னைக்கு யாரையாச்சும் தேத்தண்ணி கலக்கச் சொல்லுங்க. நான் சீலை கட்டணும்" என்று இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார்.

சீலையும் எடுத்துவிட்டார். நிகழ்ச்சிக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு லோஷினியின் முதுகில் முதல் கொப்புளம் வந்தது.

நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை. சரசு அக்கா குறித்து வைத்திருந்த மூன்றாம் தண்ணீர், அதற்கு இரண்டு நாள் கழித்து - ஞாயிற்றுக்கிழமை.

முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஜன்னலில் லோஷினியின் இரண்டு கண்.

"அக்கா, கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆத்தா வந்திருக்கறப்ப ஊசி குத்துற எடத்துக்கு எப்படி டீச்சர் போறது?"

"ஊசியெல்லாம் போட மாட்டாங்க. நர்ஸ் மிஸ்ஸி பார்த்துட்டு, கொப்புளமெல்லாம் காஞ்சு பொருக்கு கட்டிட்டா யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்வாங்க. அப்புறம் தாராளமா வரலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சுடும்."

"மிஸ்ஸி சொல்லுவாங்க. ஆத்தா சொல்லணும்ல?"

"அக்கா, இது கிருமி. வைரஸ். அது நாள் கிழமையெல்லாம் பார்க்காது."

சரசு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை. சந்தையில் நல்ல மீனைக் கெட்டுப்போனது என்று சொல்பவளைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"நீங்க படிச்சவங்க டீச்சர். உங்களுக்குக் கிருமி தெரியுது. எனக்கு என் பிள்ளை தெரியுது. மூணாந் தண்ணி ஊத்தாம வாசல் தாண்ட மாட்டா. எந் தங்கச்சி லிங்கியிலேருந்து ஞாயித்துக்கிழம வரா. அவ வந்துதான் ஊத்துவோம்."

ஜன்னலில் இருந்த கண்கள் காணாமல் போயின. உள்ளே விசும்பல் சத்தம். சரசு அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வேலிக் கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. அவருக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன?

நான் மேலும் கால் மணி நேரம் பேசினேன். கிருமி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது... நல்ல விளக்கம். பயிற்சிக் கல்லூரியில் என்றால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று பள்ளி விடும்போது எங்கள் தலைமையாசிரியையும் கையை விரித்திருந்தார். "திங்கக்கிழமை பாதிப் பிள்ளைங்களாவது வரணும்மா. வரலைன்னா நிகழ்ச்சி கிடையாது. தொப்பியையும் சான்றிதழையும் ஆபீஸ்லயே கொடுத்து அனுப்பிடலாம். யாரும் இல்லாத மேடை எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பெற்றோரின் பயத்தைப் போக்கினால் பிள்ளைகள் வருவார்கள். பயத்தை எப்படிப் போக்குவது? சனிக்கிழமை ஆசிரியர்கள் எல்லோரும் கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை போட்டு, பள்ளியைத் தேய்த்துக் கழுவினோம். மேசை, நாற்காலி, கதவுப் பிடி, எல்லாம். கழுவி முடித்ததும் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

வேப்பிலை!

கிருமியையும் விரட்டும், நம் மக்களுக்கும் நம்பிக்கை வரும். அறிவியலும் ஆச்சு, பண்பாடும் ஆச்சு. எவ்வளவு அழகான யோசனை, இல்லையா?

எங்கள் பள்ளி ஜாகா ராசு அண்ணனைக் கூப்பிட்டேன். கேட்டுக்குக் காவல், தோட்ட வேலை எல்லாம் அவர்தான். கோவிலோரத்து மரத்திலிருந்து வேப்பிலை ஒடித்து வந்து, கேட்டின் இரண்டு தூணிலும் கொத்துக் கொத்தாகச் செருகச் சொன்னேன்.

ராசு அண்ணன் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுலயா டீச்சர்?"

"ஆமாண்ணே."

"ரெண்டு தூணுலயுமா?"

"ஆமாண்ணே. நல்லா பெரிய கொத்தா."

"சரி..." என்றார். அந்த 'சரி'யின் நீளத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

மிச்சம் உங்களுக்குப் புரிந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் வந்த பெற்றோர் எல்லோரும் என்ன பார்த்தார்கள்? வாசலில் வேப்பிலைக் கொத்து. அதாவது, ஆத்தா உள்ளே இருக்கிறாள். அதாவது, உள்ளே வராதே.

ஊருக்கே ஒரு சொல் கூட இல்லாமல் நான் அறிவிப்பு ஒட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அம்மை போட்டிருக்கிறது!

"ஏண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று ராசு அண்ணனிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

"திருவிழாவுக்குக் கட்டுறதில்லையா? அப்ப எல்லாரும் உள்ள வராங்களே!"

"அது தோரணம் டீச்சர். கயித்துல கோத்து, குறுக்கால கட்டுவோம். நீங்க கொத்தா செருகச் சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றல்ல. இலை ஒன்றுதான், வைக்கிற விதம் வேறு. ஐந்து வயதில் எனக்கு இது தெரிந்திருந்தது. இருபத்தெட்டு வயதில் மறந்திருக்கிறேன்.

சரி, எடுத்துவிடுங்கள் என்றேன். ராசு அண்ணன் இரண்டடி பின்னால் போனார். "நான் மாட்டேன்லா! வெச்சது வெச்சதுதான். ஆத்தாளத் தொரத்துறதா? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

இந்த நேரத்தில்தான் ஒரு மோட்டர் வந்தது. திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றது. சரசு அக்கா! பின்னால் சீருடையில் லோஷினி. முகத்திலும் கையிலும் மஞ்சள் பூச்சு. அவர்களுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு மோட்டர், இன்னும் இரண்டு மஞ்சள் முகம்.

நல்ல பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள். அம்மை போட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்!

"அக்கா... வாசல் தாண்ட மாட்டான்னு சொன்னீங்க?"

"வேற வாசலுக்குத்தான் போகக் கூடாது. ஆத்தா இருக்கற வீட்டுலேருந்து ஆத்தா இருக்கற எடத்துக்கு வரலாம் டீச்சர். நேத்து சாயங்காலமே ராசு சொல்லிடுச்சு, பள்ளிக்கூடத்துல வேப்பிலை செருகியாச்சுன்னு. எங்களுக்காகத்தான் செஞ்சீங்கன்னு நெனச்சேன்." அவர் கண் கலங்கியிருந்தது. "பரவால்லயே, டீச்சர் நம்மள மறக்கலையேன்னு..."

நான் என்ன சொல்ல? 'இல்லை அக்கா, கிருமிநாசினிக்காக வைத்தேன்' என்றா?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வேப்பிலை இருந்தால் லோஷினி வருவாள், மற்ற பிள்ளைகள் வர மாட்டார்கள், நிகழ்ச்சி கிடையாது. வேப்பிலையை எடுத்தால் மற்ற பிள்ளைகள் வருவார்கள், லோஷினி வர மாட்டாள்; மேடை இருக்கும், சரசு அக்காவின் கை இருக்காது.

ஒன்பது மணிக்கு கிராமத்துக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார். மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். கேட்டுக்கு வெளியிலேயே மூன்று பிள்ளைகளையும் பார்த்தார். எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டிவிட்டது, பள்ளிக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார். போகும்போது கேட்டைப் பார்த்து "நல்ல வாசனை" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதற்குள் திரும்பிப் போன பெற்றோர்களில் சிலர் மறுபடியும் வந்து, பாதைக்கு அந்தப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். தோட்டத்தில் செய்தி அப்படித்தான் - மோட்டரைவிட வேகம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் அப்பா குணா, லோரி ஓட்டுகிறவர், முன்னால் வந்தார்.

"டீச்சர், இதுக்குப் போய் ஏன் முழிக்கிறீங்க? பிள்ளைக்கு வந்தா என்ன செய்வோம்? மூணு தண்ணி ஊத்தி அனுப்புவோம். பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் அதேதான்லா."

"பள்ளிக்கூடத்துக்கு... தண்ணி ஊத்தறதா?"

"கேட்டுக்கு ஊத்துங்க. இன்னைக்கு ஒண்ணு, புதன்கெழம ஒண்ணு, வெள்ளிக்கெழம விடியக்காலைல ஒண்ணு. முடிஞ்சுச்சு கதை."

"அதுவரைக்கும் உங்க பிள்ளைங்க?"

குணா தலையைச் சொறிந்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண்குரல் வந்தது. "கேண்டீன் பக்கம் பின்னால ஒரு கேட்டு இருக்குல்ல? அதுல வேப்பிலை இல்லையே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அப்படி ஒரு ஒற்றுமையை எங்கள் பெற்றோர் கூட்டத்தில்கூட நான் கண்டதில்லை.

தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவர் கிறிஸ்தவர். இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"மஞ்சள் தண்ணி, வேப்பிலை, வாரத்துல மூணு தரம் கேட்டைக் கழுவுறது. அவ்வளவுதானே? அறிக்கையில துப்புரவுப் பணின்னு எழுதிக்கிறேன். வாளி எங்கே இருக்கு?"

முதல் தண்ணீரை அவரும் ராசு அண்ணனும் சேர்ந்து ஊற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் பள்ளி இயங்கிய அழகே தனி. அம்மை போட்டு எழுந்த பிள்ளைகள் முன் கேட்டு வழியாக. மற்றவர்கள் கேண்டீன் கேட்டு வழியாக. உள்ளே வந்ததும்? எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே மேசை, ஒரே அழிப்பான்! வைரஸ் பார்த்திருந்தால் குழம்பிப்போயிருக்கும். நல்லவேளை, மிஸ்ஸி ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை முப்பத்தெட்டில் முப்பத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். நடனத்தில் எட்டுப் பேரும் ஆடினார்கள். அந்தப் பாட்டைப் பிடிக்காதவள் உட்பட.

ஒரு சந்தேகம் மட்டும் என்னைக் குடைந்தது. வெள்ளிக்கிழமை விடியலில் பள்ளிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்துவிடுவார்கள். லோஷினிக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? அப்போது அவள் எப்படி உள்ளே வருவாள்?

செவ்வாய்க்கிழமையே சரசு அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, லோஷினிக்கும் வெள்ளிக்கிழமையே ஊத்த முடியுமா?"

"ஊத்தலாமே. வெள்ளிக்கெழம ஆத்தாளுக்கு நல்ல நாள்தான். தங்கச்சிய வியாழக்கெழமயே பஸ் ஏறச் சொல்றேன்."

"போன வாரமே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"நீங்க கேக்கவே இல்லையே டீச்சர்."

உண்மை. கேட்கவில்லை. வேலியருகே அவ்வளவு நேரம் நின்று கிருமியைப் பற்றிப் பேசினேனே தவிர, நாளை மாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் தெரியுமா? கேட்டால் அவருடைய கணக்கை நான் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். படித்தவள் அதை ஒத்துக்கொள்ளலாமா? இப்படித்தான் எனக்குள் ஓடியிருக்க வேண்டும். ஒருத்தரை நம் பக்கம் இழுக்க மூச்சு முட்டப் பேசுகிறோம், அவர் பக்கம் கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இது நடக்கிறது? மருமகளிடம், மாமியாரிடம், வயதுக்கு வந்த பிள்ளையிடம்?

வெள்ளிக்கிழமை வந்தது.

விடியலில் மூன்றாம் தண்ணீர். ராசு அண்ணன் வேப்பிலையைப் பயபக்தியோடு எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் சேர்த்தார். லோஷினி வீட்டிலும் அதே நேரத்தில் ஊற்றினார்கள். எட்டரை மணிக்கு அவள் சித்தியோடு வந்தாள். தலைக்குக் குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, தழும்புக்கு மேல் பவுடர் போட்டு. அங்கி அவளுக்கு ஒரு முழம் நீளம்.

"அம்மா எங்கே லோஷினி?"

"பின்னால வருது டீச்சர். சீலை கட்டுது."

முதல் பிள்ளைக்குத் தொப்பி வைத்தாயிற்று. இரண்டாவது, மூன்றாவது... சரசு அக்காவைக் காணோம். நான்காவது பிள்ளையின் அப்பா தொப்பியைப் பின்பக்கம் முன்னாலாக வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். லோஷினி சிரிக்கவில்லை. அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசு அண்ணன் என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே சரசு அக்கா. மயில்கழுத்து நிறத்தில் புதுச் சீலை, தலையில் பூ. மோட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேல் மூன்று கொப்புளம். கழுத்தில் ஒன்று. தண்ணீர் கோத்து, பளபளவென்று.

"தண்ணி ஊத்தி முடிச்சேன் டீச்சர். ஒடம்பு சுட்டுது. அப்பத்தான் பாத்தேன்."

"அக்கா..."

"நான் உள்ள வரமாட்டேன். மத்த பிள்ளைங்க இருக்கு. சும்மா... இங்கேருந்து பாத்துட்டுப் போயிடறேன். யாரையாச்சும் தொப்பி வெக்கச் சொல்லுங்க. நீங்களே வெச்சுடுங்க."

என்னையறியாமல் நான் காலியாக இருந்த தூணைப் பார்த்தேன். அப்புறம் ராசு அண்ணனைப் பார்த்தேன்.

"டீச்சர், என்னைப் பாக்காதீங்க" என்றார் ராசு அண்ணன். "இப்பத்தான் ஆத்தாள அனுப்பிட்டு வந்தேன்."

மேலும், சரசு அக்கா சொன்னதுதான் சரி. இப்போது இது காய்ந்த பொருக்கு இல்லை. புதுக் கொப்புளம். ஆத்தா கணக்கிலும் அவர் உள்ளே வரக் கூடாது, மிஸ்ஸி கணக்கிலும் வரக் கூடாது. இரண்டு கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே இடம்... இப்படி ஒரு இடமாகவா இருக்க வேண்டும்?

திரும்பி நடந்துபோய்த் தலைமையாசிரியையின் காதில் சொன்னேன். அவர் மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. கேட்டைப் பார்த்து. கிட்டே யாரும் போக வேணாம். லோஷினி, நீ போம்மா."

லோஷினி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் ஓடினாள். அவளுக்கு வந்து போன நோய், இனி பயமில்லை. எனக்கும் சின்ன வயதிலேயே வந்து போனதுதான், நெற்றியில் தழும்பு இருக்கிறது. ஆகவே தொப்பியை நான் கொண்டுபோய்க் கம்பி வழியாக நீட்டினேன். கேட்டு பூட்டியே இருந்தது. சரசு அக்கா கேட்டுக்கு மேலே கையை உயர்த்தினார். எட்டவில்லை.

லோஷினி கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றாள். தலையை வெளிப்பக்கமாகக் குனிந்து கொடுத்தாள்.

உதிரிப் பழம் பொறுக்கி நகமெல்லாம் கறுத்த அந்த இரண்டு கைகள், காய்ச்சலிலோ எதிலோ நடுங்கியபடி, தொப்பியை வைத்தன. கோணலாக. எடுத்து மறுபடியும் வைத்தன. இன்னும் கோணலாக.

"நேரா நில்லுடி. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் சரசு அக்கா.

"நீதாம்மா ஆட்டுற!" என்றாள் லோஷினி.

பின்னால் கைதட்டல். முப்பது சொச்சம் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும்தான். ஆனால் செம்பனை மரமெல்லாம் சேர்ந்து தட்டுவது போல இருந்தது. குணா விசில் அடித்தார். தலைமையாசிரியை அவரை முறைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று எனக்கும் தூசி விழுந்தது. நிறைய.

கூட்டம் கலைந்த பிறகும் சரசு அக்கா மோட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். பெரியவர்களுக்கு இது வந்தால் பிள்ளைகளுக்குப் போல லேசாகப் போகாது, சமயத்தில் நெஞ்சுவரை இறங்கிவிடும் என்று மிஸ்ஸி திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். அந்த விளக்கம் முழுவதும் என் நுனிநாக்கில் நின்றது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அப்புறம் கேட்டேன்.

"அக்கா, கிளினிக்குக்குப் போகணும். எந்த நாள் போனா ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நான் கூட வரேன்."

சரசு அக்கா தலையை மட்டும் அசைத்தார். அது ஆமாவா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. மெதுவாக மோட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மத்தியானம் கைபேசி அடித்தது. குரல் கரகரவென்று இருந்தது.

"டீச்சர், பகாவ் கிளினிக்குக்குப் போயிட்டு வந்துட்டேன். தங்கச்சி கூட்டிட்டுப் போனா. டாக்டரு மாத்திர குடுத்திருக்காரு, அஞ்சு வேளை போடணுமாம். நெஞ்சு நல்லாருக்காம்."

எனக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க்கா, ஆத்தா கோவிச்சுக்கலையா?"

"ஏன் கோவிக்கிறா? அவளையும் ஏத்திக்கிட்டுத்தானே டீச்சர் போனேன்!"